மனநலச் சட்டத்தில் தேர்ச்சி பெற விரும்பும் சமூகப் பணியாளர் முதுகலைக்குப் பின் எங்கே, எதைப் படிப்பது?

அல்சூர்_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு பெங்களூருவில் சமூகப் பணியில் முதுகலை முடித்தேன். மருத்துவ, மனநலச் சமூகப் பணி என் சிறப்புப் பாடம். இப்போது அல்சூர்ப் பக்கம் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். மனநல மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்களுக்குத் துணையாகச் செல்வதுதான் என் பணி. அவர்களில் பாதிப்பேர் மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் போன்ற இடங்களில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழர்கள். மீதிப்பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வருபவர்கள்.

இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எங்களுக்கு இரண்டே வகுப்புகளில் நடத்தி முடித்தார்கள். வேலைக்கு வந்த பிறகோ, சட்டம் குறுக்கிடாத நாளே இல்லை. கணவர் கையெழுத்துப் போட்டால் மனைவியைச் சேர்த்துக்கொள்ளலாமா, அப்படிச் சேர்த்து முப்பது நாள் முடிந்த பின் யாரிடம் கேட்பது, கேஸ் ஷீட்டின் நகலை நோயாளியே கேட்டால் கொடுப்பார்களா என்று கேட்பவர்களுக்கு நான் தயங்கித் தயங்கித்தான் பதில் சொல்கிறேன். இந்தத் துறையில் முறையாகத் தேர்ச்சி பெற வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். எம்.ஃபில். படிப்பதா, மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்வதா, அல்லது பட்டயப் படிப்பு ஏதாவது போதுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

ஓசூர்ரோடு_பணியாளர் எழுதியது:

வாருங்கள் தங்கையே. பத்தொன்பது ஆண்டுகளாக மனநலச் சமூகப் பணியாளராக இருப்பவள் என்ற முறையில், முதலில் படிப்பைப் பற்றிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

யார் மனநலச் சமூகப் பணியாளர் என்பதற்குச் சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. சமூகப் பணியில் முதுகலைப் பட்டமும், அதன் மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சியை உள்ளடக்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் பெற்றவர் என்பதே அந்த விளக்கம். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, ராஞ்சியின் மத்திய மனநல நிறுவனம், அசாமின் தேஜ்பூர் மனநல நிறுவனம் ஆகியவற்றில் படித்துவிட்டு வந்தவர்கள் இந்தத் தகுதியை வைத்துத்தான் 55ஆம் பிரிவின்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்துகொள்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளில் எம்.ஃபில். என்ற பட்டத்தையே நிறுத்திவிட்டது. பின்னர் 2024 ஜனவரியில், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. ஒரு பட்டத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டு அந்தப் பட்டத்தை இல்லாமல் செய்தால், அடுத்த தலைமுறைப் பணியாளர் எந்தக் கதவைத் தட்டுவார் என்ற கவலை எங்கள் அனைவருக்கும் இருக்கிறது. அதே விளக்கத்தில் ‘விதிகளில் குறிப்பிடப்படும் பிற அங்கீகரிக்கப்பட்ட தகுதிகள்’ என்றும் ஒரு தொடர் உள்ளது. புதிய படிப்பு எந்தப் பெயரில் வந்தாலும் அது இந்தத் தொடரின் வழியாகத்தான் சட்டத்துக்குள் நுழைய முடியும். ஆகவே எந்த நிறுவனத்தில் சேர்வதாக இருந்தாலும், அங்கே பெறும் பட்டத்தை வைத்து மாநில ஆணையத்தில் பதிவு செய்ய முடியுமா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்னரே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பயிற்சி என்று எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர், சிட்டி மார்க்கெட்டில் பூ விற்கும் ஐம்பது வயது அம்மா ஒருவரைப் பற்றி, ‘நோயுணர்வு இல்லை, மருந்தை மறுக்கிறார்’ என்று குறிப்பு எழுதியிருந்தார். அந்த அம்மாவிடம் அவர் பேசியது கன்னடத்தில். அம்மாவுக்குக் கன்னடம் வியாபாரம் பேசும் அளவுக்குத்தான் வரும். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. “இந்த மாத்திரை போட்டதிலிருந்து நார் பிடிக்க முடியவில்லை அம்மா. ஒரு முழம் கட்டுவதற்குள் நாலு தடவை முடிச்சு அவிழ்கிறது” என்றார். மாத்திரையை நிறுத்தினால் பழையபடி தூக்கம் போய்விடும், குரல்கள் கேட்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் எடைபோட்டுத்தான் வேண்டாம் என்றிருக்கிறார். மருத்துவரிடம் சொன்னோம், மருந்து மாற்றப்பட்டது, அவரும் ஒத்துக்கொண்டார்.

4ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். தகவலைப் புரிந்துகொள்வது, முடிவின் விளைவை உணர்வது, முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு வழியாலோ தெரிவிப்பது ஆகியவையே முடிவெடுக்கும் திறனுக்கு அடையாளம். அந்தத் தகவலை அவருக்குப் புரிகிற எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்றும், பிறர் கண்ணுக்குத் தவறாகத் தெரியும் முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த மாணவருக்கு இந்தப் பிரிவு மனப்பாடம். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார்.

சிவாஜிநகர்_வழக்கறிஞர் எழுதியது:

சட்டப் படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எல்.எல்.பி. படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டால், முழுநேரச் சம்பள வேலையில் தொடர்வதை வழக்கறிஞர் மன்ற விதிகள் அனுமதிப்பதில்லை. மருத்துவமனையிலோ தொண்டு அமைப்பிலோ பணியாற்றுவது உங்கள் நோக்கமென்றால் மூன்றாண்டைச் செலவிடுவதற்கு முன் இதை யோசியுங்கள். நாகர்பாவியில் உள்ள தேசிய சட்டப் பள்ளி, மருத்துவச் சட்டமும் அறநெறியும் என்ற பொருளில் ஓராண்டு முதுகலைப் பட்டயத்தைத் தொலைநிலைக் கல்வியாக நடத்திவருகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் அது உங்களை 55ஆம் பிரிவின்கீழ் மனநலப் பணியாளராக ஆக்காது.

நீதிமன்றப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, சமூகப் பணியாளர்களுக்கு எந்தப் படிப்பிலும் சரியாகக் கற்பிக்கப்படாதது அறிக்கை எழுதுவதுதான். தான் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, தான் ஊகித்தது ஆகிய மூன்றும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும். ‘நோயாளி ஆத்திரக்காரர்’ என்று எழுதியிருப்பார்கள். யார் சொன்னது, எப்போது நடந்தது, நீங்கள் பார்த்தீர்களா என்று குறுக்கு விசாரணையில் மூன்று கேள்வி கேட்டால் அந்த அறிக்கை நிற்காது. நிற்காமல் போகும் அறிக்கையால் இழப்பு உங்களுக்கல்ல, அந்த நோயாளிக்கு. பயிற்சிக் காலத்தில் குறைந்தது ஐம்பது அறிக்கைகளாவது எழுதி, அவற்றைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தோடு நின்றுவிடவும் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இலவசச் சட்ட உதவிக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டம், புதிய குற்றவியல் சட்டங்கள் எல்லாம் உங்களுக்கு வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரின் குடும்பம் போலீசுக்குப் பயந்து மருத்துவமனையில் உண்மையை மறைப்பதை இன்றும் பார்க்கிறேன். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவே இல்லை. இதை அந்தக் குடும்பத்துக்கு அன்று இரவே சொல்லக்கூடிய ஒருவர் வார்டில் இருக்க வேண்டும். நான் மறுநாள் காலைதான் வருவேன்.

தம்பிக்கு_அண்ணன் எழுதியது:

நான் சமூகப் பணியாளரும் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. ராஜாஜிநகரில் லேத் பட்டறை வைத்திருப்பவன். என் தம்பிக்குப் பதினோரு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

2019இல் அவனை நகருக்கு வெளியே ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்த்தோம். அலுவலக அறையில் என்னை உட்காரவைத்து, ஆங்கிலத்தில் அச்சடித்த தாள்களில் பெருக்கல் குறி போட்ட இடமெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தம்பி வெளியே வண்டியில் இருந்தான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மனநல மறுஆய்வு வாரியம் என்று ஒன்று இருப்பதும், அதனிடம் முறையிடலாம் என்பதும் இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவமனையில் ஒரு சமூகப் பணியாளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது தம்பி ஓரளவு நன்றாக இருக்கிறான், பட்டறைக்கும் வருகிறான். ஆனால் கோபம் வந்தால், “நீதானே கையெழுத்துப் போட்டாய்” என்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இங்கே பயிற்சி பற்றிப் பேசுகிறவர்கள், வண்டியில் உட்கார்ந்திருந்தவனிடம் போய்ப் பேசுவதற்கு ஒருவரைப் பழக்கினால் போதும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஒயிட்ஃபீல்டு_வாசி எழுதியது:

அண்ணன் எழுதியதைப் படித்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. நான் இங்கிலாந்தில் எட்டு ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்துவிட்டுப் பெங்களூரு வந்தவள். அங்கே 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்க, இரண்டு மருத்துவர்களின் பரிந்துரை இருந்தாலும் அது மட்டும் போதாது. ஒரு விண்ணப்பம் வேண்டும். நெருங்கிய உறவினரும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், வழக்கத்தில் பெரும்பாலும் ‘அங்கீகரிக்கப்பட்ட மனநலப் பணியாளர்’ என்பவர்தான் விண்ணப்பிக்கிறார். 2008 நவம்பர் வரை சமூகப் பணியாளர்கள் மட்டுமே இந்தப் பொறுப்பில் இருந்தார்கள். அதன் பின் செவிலியர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகியோருக்கும் இது திறந்துவிடப்பட்டது. இருந்தாலும் இன்றும் அதில் பெரும்பான்மையினர் சமூகப் பணியாளர்களே.

அவர் அந்த மனிதரை நேரில் கண்டு, அவருக்கு ஏற்ற முறையில் பேசி, அவருடைய சூழ்நிலை முழுவதையும் பார்த்து, மருத்துவமனைதான் பொருத்தமான வழி என்று தாமாக நிறைவடைய வேண்டும். இரண்டு மருத்துவர்கள் சொன்ன பிறகும் ‘விண்ணப்பிக்க மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அவரை நியமித்த உள்ளாட்சி அமைப்புகூட அந்த முடிவை அவருக்குக் கட்டளையிட முடியாது. தம் தொழிலில் ஏற்கெனவே தகுதி பெற்று, வேலை அனுபவமும் உள்ளவர்கள்தான் இதற்கான முதுகலைப் பயிற்சிக்கு வருகிறார்கள். சட்டத்தைப் படிப்பதோடு, அனுபவமுள்ள பணியாளரோடு வீடுகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் உடன் சென்று, அவர் கண்முன் தாமும் நேர்காணல் செய்து காட்ட வேண்டும். தேர்ச்சி பெற்றாலும் ஒப்புதல் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். அதைத் தக்கவைக்க ஆண்டுக்கு 18 மணிநேரப் பயிற்சி கட்டாயம்.

அங்கேயுள்ள எல்லாவற்றையும் இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் பாரத்தை அங்கே பெரும்பாலும் ஓர் அரசுப் பணியாளர் சுமக்கிறார். இங்கே 89ஆம் பிரிவின்படி, நோயாளியின் சார்பாகப் பேசும் நியமனப் பிரதிநிதிதான், அதாவது பெரும்பாலும் அண்ணனோ அம்மாவோ கணவரோதான், விண்ணப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவரே நோயாளியோடு அதே வீட்டுக்குத் திரும்பிப் போகவும் வேண்டும். நம் பாடத்திட்டம் எதுவும் இந்தக் குடும்பத்தின் வலியைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

சமூகப் பணியாளர்களுக்கு மறுஆய்வு வாரியத்தில் இடம் உண்டல்லவா? அங்கிருந்தாவது இதைச் சரிசெய்ய முடியாதா?

சிவாஜிநகர்_வழக்கறிஞர் எழுதியது:

சிறு திருத்தம். 74ஆம் பிரிவின்படி வாரியத்தில் ஆறு பேர்: தலைவராக மாவட்ட நீதிபதி அல்லது அந்தத் தகுதியுடையவர் அல்லது ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி, மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், ஒரு பொது மருத்துவர், மனநோயுள்ளவர்கள் அல்லது பராமரிப்பவர்கள் அல்லது அவர்களுடைய அமைப்புகள் சார்பில் இருவர். சமூகப் பணியாளர் என்று தனி இடம் இல்லை.

ஆனால் 89ஆம் பிரிவிலேயே உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் நடக்கும் ‘ஆதரவுடன் கூடிய சேர்க்கை’க்கு முன், அன்றோ முந்தைய ஏழு நாள்களுக்குள்ளோ இருவர் அந்த நபரைத் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். மற்றவர் மருத்துவராகவும் இருக்கலாம், மனநலப் பணியாளராகவும் இருக்கலாம். 55ஆம் பிரிவின்கீழ் பதிவு பெற்ற சமூகப் பணியாளர் அந்த இரண்டாவது நபராக இருக்க முடியும். குறைந்த கட்டுப்பாடுள்ள வேறு வழி இல்லை என்றும் அவர்கள் சான்றளிக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த சகோதரி சொன்ன ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு நம் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது.

ஓசூர்ரோடு_பணியாளர் எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சொன்னதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது கையொப்பம் எப்படி வாங்கப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில், மருத்துவர் எழுதி முடித்த படிவம் மேசைக்கு வரும், ‘மேடம், இங்கே ஒரு சைன்’ என்பார்கள். முதல் ஆண்டில் நானும் அப்படிப் போட்டிருக்கிறேன், அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. பின்னர் ஒருநாள், நான் நோயாளியைப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன் என்றேன். எவரும் சண்டைக்கு வரவில்லை, காத்திருந்தார்கள், அவ்வளவுதான். நாற்பது நிமிடம் பேசினேன். அந்த இளைஞர் தாமாகவே சேர்ந்துகொள்கிறேன் என்றார். 86ஆம் பிரிவின்கீழ் சுயேச்சை நோயாளியாகச் சேர்ந்தார். அவர் அக்கா அன்று எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்திட வேண்டியிருக்கவில்லை.

மூத்த மருத்துவர் எதிரில் நிற்கும்போது, குடும்பம் அழுதுகொண்டிருக்கும்போது, ‘இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள்’ என்று மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்லப் பழக்கும் பயிற்சியைத்தான் நான் தேடுகிறேன். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களுக்கு வேறு வழி காட்ட ஒருவரும் இல்லாமல் போனார்களே என்று, இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நினைத்துக்கொள்கிறேன்.

அல்சூர்_மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இந்த இழையை இரண்டு முறை படித்தேன். பதிவுக்கு வழி தரும் படிப்பு எது என்று மாநில ஆணையத்துக்கு எழுதிக் கேட்கப்போகிறேன். அதற்கு விடை வரும்வரை காத்திருக்காமல் பட்டயப் படிப்பில் சேர முடிவு செய்துவிட்டேன். ஓசூர்ரோடு அக்கா இசைந்தால், மாதம் இரண்டு சனிக்கிழமை அவரிடம் வந்து அறிக்கைகளைத் திருத்தி வாங்கிக்கொள்கிறேன்.

இடையில் ஓர் உதவி. திறனை அறிவதற்கான கேள்விகளைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ‘உங்களுக்கு என்ன நோய் என்று மருத்துவர் சொன்னார்? இந்தச் சிகிச்சைக்கு நீங்கள் சம்மதிக்கிறீர்களா? சம்மதிக்காவிட்டால் என்ன விளைவு ஏற்படும் என்பதை அறிவீர்களா?’ இது சரியா?

வார்டு_செவிலியர் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கேள்விகள் தவறில்லை அம்மா, ஆனால் வார்டில் எடுபடாது. ‘சம்மதமா’ என்று கேட்டால் நம் ஆட்கள் தலையாட்டிவிடுவார்கள், டாக்டரிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. ‘அறிவீர்களா’ என்றால் பரீட்சை என்று நினைத்துப் பேசாமல் இருப்பார்கள். நோயின் பெயரையும் கேட்காதீர்கள். பலருக்கு அது ‘நரம்புத் தளர்ச்சி’, சிலருக்கு ‘மனசு சரியில்லை’. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே அவர்கள் எல்லாவற்றையும் தெளிவாகப் பேசுவார்கள்.

நான் கேட்பது இப்படி: ‘இங்கே எதற்காகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? டாக்டர் சொன்னதை உங்கள் வாயால் எனக்கு ஒருமுறை சொல்லுங்கள். மருந்து போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும்? உங்களுக்கு எது வேண்டும், ஏன்?’ கடைசியில் ‘ஏன்’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பதில் வர ஐந்து நிமிடம்கூட ஆகும். கூட வந்தவரை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

தம்பிக்கு_அண்ணன் எழுதியது:

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி. இனி ஒருமுறை நோய் அதிகமானால் யார் தன் சார்பாகப் பேச வேண்டும் என்பதைத் தம்பி இப்போதே எழுதிவைக்க முடியுமா? அவன் என் பெயரை எழுதுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யார் பெயரை எழுதினாலும் சரி.

சிவாஜிநகர்_வழக்கறிஞர் எழுதியது:

எழுதலாம் ஐயா. 14ஆம் பிரிவின்படி வெறும் வெள்ளைத் தாளே போதும். கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ இருந்தால் சரி. அவர் பெயரிடுபவர் வயது வந்தவராகவும், பொறுப்பை ஏற்க இசைந்தவராகவும் இருக்க வேண்டும். பின்னால் மனம் மாறினால் அதை ரத்து செய்து வேறொருவரை எழுதலாம். எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக்கூடாது என்பதையும் சேர்த்து எழுத விரும்பினால் அது 5ஆம் பிரிவின்கீழ் வரும் முன்கூட்டிய அறிவுறுத்தல். அதற்குச் சில கூடுதல் நடைமுறைகள் உண்டு, அவசரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது என்பதையும் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும். தமிழிலேயே எழுதட்டும். அல்சூர்த் தங்கை உடன் வந்தால் நல்லது, அவருக்கும் இது பயிற்சியாக இருக்கும்.

அல்சூர்_மாணவி எழுதியது:

வருகிறேன் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை என்றால் அன்று காலை வருகிறேன். நீங்கள் வெளியே இருங்கள், நான் முதலில் தம்பியிடம் பேசுகிறேன்.